ரயில் ஓய்ந்த மேட்டில் ஒரு பாதை: சிகாகோவின் 606 பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜூன் 6 அன்று சிகாகோ நகரின் வடமேற்குப் பகுதியில் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குமான பாதை ஒன்று திறக்கப்பட்டது. நீளம் 2.7 மைல், அதாவது சுமார் 4.3 கிலோமீட்டர். சரக்கு ரயில் ஓடி ஓய்ந்த ஒரு மேட்டின் மேல், தெருமட்டத்திலிருந்து ஏறக்குறைய 17 அடி உயரத்தில் அது போகிறது. பாதைக்கு ப்ளூமிங்டேல் டிரெயில் என்று பெயர். அதையும் அதை ஒட்டிய சிறு பூங்காக்களையும் சேர்த்து 606 என்கிறார்கள். சிகாகோவின் அஞ்சல் குறியீடுகள் 606 என்றுதான் தொடங்கும். பெயர் அங்கிருந்து வந்தது.

பழைய ரயில் தடத்தில் பாதை கேட்கிற குடியிருப்போர் சங்கங்களும், போட நினைக்கிற பொறியாளர்களும் 606-இன் படங்களை நிறையப் பார்த்திருப்பார்கள். இந்த ஆய்வு அதன் முடிவுகளைப் பற்றியது: எதை எப்போது தீர்மானித்தார்கள், ஏன், எதைத் தீர்மானிக்காமல் விட்டார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதை நன்றாகவே கட்டப்பட்டது. அதை ஒட்டிய வாடகை வீடுகளைக் காக்கும் சட்டம் வருவதற்குத்தான் திறப்பு விழாவுக்குப் பிறகு ஐந்து ஆண்டு ஆனது. கீழே வரும் எல்லாவற்றையும் அந்த ஐந்து ஆண்டை மனதில் வைத்துப் படிக்கலாம்.

பின்னணி: மேடு எப்படி வந்தது

1871-இன் பெருந்தீக்குப் பிறகு சிகாகோ தன்னை மறுபடி கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1870-களின் தொடக்கத்தில், ப்ளூமிங்டேல் சாலையின் நடுவே ஒரு தண்டவாளம் போடப்பட்டது. தெருமட்டத்திலேயே ரயில் ஓடியது. இரண்டு பக்கமும் ஆலைகள் முளைத்தன. ஆலைகளுக்குள் சிறு கிளைத் தடங்கள் போயின. ஊர் பெருகப் பெருக லெவல் கிராசிங்குகளில் ஆட்கள் அடிபட்டுச் சாவதும் பெருகியது. 1893-இல் நகராட்சி சட்டம் போட்டது: ரயில் நிறுவனங்கள் தங்கள் தடங்களைத் தெருவுக்கு மேலே உயர்த்த வேண்டும்.

ப்ளூமிங்டேல் தடத்தின் முறை 1910-களில் வந்தது. இரண்டு பக்கமும் கான்கிரீட் தாங்குசுவர் எழுப்பி, நடுவில் மண்ணைக் கொட்டி, குறுக்குத் தெருக்கள் வரும் இடங்களில் பாலம் போட்டார்கள். இந்தக் குறுகிய நீளத்துக்குள் அப்படி முப்பதுக்கும் மேற்பட்ட பாலங்கள் உண்டு. இன்று அதன் மேல் சைக்கிள் சிக்னலுக்கு நிற்காமல் போகிறது என்றால், அந்த வசதி சைக்கிளுக்காகச் செய்யப்பட்டதல்ல. நூறு ஆண்டுக்கு முன்னால் லெவல் கிராசிங்குகளில் நடந்த சாவுகளைத் தடுக்கச் செய்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சரக்கு லாரிக்கு மாறியது. 2001 வாக்கில் ரயில் நின்றது. ஒரு காலத்தில் இந்தத் தடத்தின் மேற்கு நீட்சியை ஒட்டி ஆலை வைத்திருந்த நிறுவனங்களில் ஷ்வின் சைக்கிள் நிறுவனமும் ஒன்று என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கலாம்.

மேட்டிலும் கீழேயும் தெரிந்தவை

ரயில் நின்ற மேட்டில் புல்லும் செடியும் தாமாகவே முளைத்தன. வேலியில் இடம் பார்த்து ஆட்கள் ஏறினார்கள். நாயோடு நடந்தார்கள், ஓடினார்கள், இரவில் உட்கார்ந்து பேசினார்கள். சட்டப்படி அத்தனையும் அத்துமீறல். ஆனால் பாதைக்குத் தேவை இருக்கிறதா என்று கேட்கிறவருக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. யாரும் அழைக்காமலே ஜல்லி மேல் நடக்க ஆள் வந்துகொண்டிருந்தார்கள்.

2003-இல் அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் த ப்ளூமிங்டேல் டிரெயில்’ என்று ஒரு குழு தொடங்கினார்கள். 2004-இல் நகராட்சி, லோகன் ஸ்கொயர் பகுதிக்கான திறந்தவெளித் திட்டத்தில் இந்த மேட்டைச் சேர்த்தது. ஆள் கணக்குக்குப் பார்த்தால் பூங்கா மிகக் குறைவாக உள்ள பகுதிகளில் லோகன் ஸ்கொயர் ஒன்று. நிலம் வாங்கிப் பூங்கா அமைக்கப் பணமும் இல்லை, காலி இடமும் இல்லை. மேடு ஏற்கெனவே இருந்தது. பிறகு ‘டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்’ என்ற தேசிய அமைப்பு நன்கொடை திரட்டவும் திட்டத்தை நடத்தவும் முன்வந்தது.

இதுவரை கவனித்தது மேட்டின் மேல். கீழே கவனிக்க வேண்டியது வேறு.

பாதை கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறது. கிழக்கு முனையிலிருந்து சுமார் ஒரு மைலில் வெஸ்டர்ன் அவென்யூ குறுக்கிடுகிறது. அதற்குக் கிழக்கே பக்டவுன், விக்கர் பார்க்: 2000-களிலேயே விலை ஏறிவிட்ட பகுதிகள். மேற்கே ஹம்போல்ட் பார்க்கும் லோகன் ஸ்கொயரின் பெரும்பகுதியும்: உழைக்கும் குடும்பங்கள், அவர்களில் பலர் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்த வம்சாவளியினர். ஒரே பாதை, இரண்டு வேறு வீட்டுச் சந்தைகள்.

மேற்குப் பக்கத்தில் அதிகம் தென்படும் கட்டடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிகாகோவில் அதை டூ-ஃபிளாட் என்பார்கள். செங்கல் கட்டடம், இரண்டு மாடி, மாடிக்கு ஒரு வீடு. பெரும்பாலும் உரிமையாளர் ஒன்றில் குடியிருந்து மற்றதை வாடகைக்கு விடுவார். வங்கிக் கடன் தவணையில் ஒரு பங்கை அந்த வாடகை கட்டிவிடும். அதனாலேயே வாடகையும் அளவாக இருக்கும். அரசு மானியம் இல்லாமல், யார் திட்டமும் இல்லாமல், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு கொடுத்துவந்த ஏற்பாடு இது.

இதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. வசதியான ஒருவர் அந்தக் கட்டடத்தை வாங்கி, உள்ளே படிக்கட்டு வைத்து, இரண்டு வீட்டையும் ஒன்றாக்கிக்கொண்டால் போதும். வெளியே இருந்து பார்த்தால் கட்டடம் அப்படியே இருக்கும். ஒரு வாடகைக் குடும்பத்துக்கான இடம் மட்டும் கணக்கிலிருந்து போய்விடும். இடித்துவிட்டுப் பெரிய தனி வீடு கட்டினாலும் அதே கதைதான். இந்த ஓட்டை பாதை வேலை தொடங்கிய 2013-இலும் தெரிந்த விஷயமே. அதைப் பாதையோடு சேர்த்து யோசிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் மட்டும் யாருக்கும் ஏற்படவில்லை. ஏன் என்பதற்குப் பணம் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

முதல் முடிவு: இது பூங்காவா, போக்குவரத்தா

2011-இல் பதவிக்கு வந்த மேயர், இந்தப் பாதையைத் தன் முதல் பதவிக்காலத்திலேயே முடிப்பதாக அறிவித்தார். மொத்தச் செலவு 9.5 கோடி டாலர் என்று கணக்கானது. பூங்கா என்ற பெயரில் அவ்வளவு பணம் எங்கும் கிடைக்காது. 5 கோடி டாலர் கூட்டரசிடமிருந்து வந்தது. நெரிசலையும் காற்று மாசையும் குறைக்கும் போக்குவரத்துத் திட்டங்களுக்கான நிதி அது. மீதியில் பெரும்பகுதி தனியார் நன்கொடை.

இந்த முடிவு இல்லையென்றால் பாதையே இல்லை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போக்குவரத்து நிதி தன் கேள்விகளோடு வருகிறது. எத்தனை கார் பயணங்கள் குறையும்? அகலம் போதுமா? சக்கர நாற்காலியில் வருபவர் ஏற முடியுமா? நிதி கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் தயாரானது. பக்கத்து வீட்டு வாடகை என்ன ஆகும் என்பது அந்தக் கேள்வித்தாளிலேயே கிடையாது. நிதி கேட்காத கேள்வியைத் தானாகக் கேட்டுக்கொள்ள ஒரு திட்ட அலுவலகத்துக்கு நேரமும் இருக்காது, ஆளும் இருக்காது. வேலை 2013 ஆகஸ்டில் தொடங்கியது.

இரண்டாவது முடிவு: 14 அடிக்குள் எல்லோரும்

மேட்டின் அகலத்தைத் தாங்குசுவர்கள் தீர்மானித்துவிட்டன. அதற்குள் செடிக்கும் சரிவுக்கும் இடம் விட்டு, பாதைக்கு 14 அடி ஒதுக்கினார்கள்: நடுவில் 10 அடி கான்கிரீட், இருபுறமும் ஓடுபவர்களுக்காக 2 அடி ரப்பர் பரப்பு. முழங்காலுக்கு ரப்பர் இதம்; ஓடுபவர்கள் தாமாகவே ஓரத்துக்குப் போவார்கள், நடு இடம் சைக்கிளுக்கு மிஞ்சும். பலகை வைத்து உத்தரவு போடுவதற்குப் பதிலாகத் தரையின் தன்மையால் ஆளைப் பிரிக்கும் உத்தி.

நல்ல உத்திதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சைக்கிளுக்குத் தடுமாறாமல் போக 4 அடி வேண்டும். பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் இருவருக்கு 5 அடி. அவர்களை ஒரு சைக்கிள் தாண்டும்போது எதிரே இன்னொரு சைக்கிள் வந்தால் 13 அடி போய்விட்டது. மிச்சம் ஒரு அடி. இதில் தள்ளுவண்டிக் குழந்தையோ, கயிறு நீண்ட நாயோ, அப்போதுதான் சைக்கிள் கற்கும் சிறுமியோ வந்தால் யாராவது நின்றாக வேண்டும். வார நாள் காலையில் பிரச்சினை இல்லை. வெயில் அடிக்கும் ஞாயிறு மாலையில், நெரிசல் குறைப்பு நிதியில் கட்டிய பாதையிலேயே நெரிசல்.

நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் தனித்தனியாகப் பிரித்திருக்கலாமே என்று கேட்பது சுலபம். பிரித்தால் ஒவ்வொன்றும் 7 அடி, இரண்டுமே போதாது. இருவழி சைக்கிள் பாதைக்கு 10 அடி குறைந்தபட்சம் என்பது அமெரிக்கப் பொறியாளர்களின் வழக்கம். அந்த மேட்டில் சேர்ந்து போவதைத் தவிர வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேகமாகப் போக வேண்டிய சைக்கிள்காரருக்குக் கீழே தெருவில் பிரித்த சைக்கிள் தடம் ஒன்று இணையாக இருந்தால் மேலே பாரம் குறையும். அது இன்னொரு திட்டம், இன்னொரு நிதி.

மூன்றாவது முடிவு: எங்கே ஏறுவது

உயரத்தில் போகும் பாதையின் பலமே அதன் பலவீனமும். கார் தொல்லை இல்லை. ஆனால் ஏற இடம் இல்லாத மேடு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வெறும் சுவர். 17 அடி ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் சிரமமில்லாமல் ஏற 5 சதவீதத்துக்கு மிகாத சரிவு நல்லது. அதற்கு மேல் போனால் அமெரிக்க அணுகல் விதிகளின்படி கைப்பிடியும் இடையிடையே சமதளமும் வேண்டும். 17 அடியை 5 சதவீதத்தில் ஏறச் சாய்தளம் 340 அடி நீள வேண்டும், சுமார் 104 மீட்டர். ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள பகுதியில் 104 மீட்டர் நீள இடம் எங்கே கிடைக்கும்?

இதற்குக் கண்ட விடை, பக்கத்துப் பூங்காக்கள். மேட்டை ஒட்டிய சிறு பூங்காக்களைத் திட்டத்தில் சேர்த்து, சாய்தளங்களை அங்கே இறக்கினார்கள். ஏறும் இடங்கள் மொத்தம் 12. படிக்கட்டு மட்டும் உள்ள மலிவான நுழைவாயில்களால் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டாமல், சைக்கிளும் சக்கர நாற்காலியும் ஏறும்படி எல்லாவற்றையும் அமைத்தது என் பார்வையில் இந்தத் திட்டத்தின் மிகச் சரியான முடிவு. சைக்கிளைத் தோளில் தூக்கிப் படியேற வேண்டிய பாதையில் முதியவர்களும் குழந்தைகளும் ஏற மாட்டார்கள்.

ரயில் தடத்தில் பொதுவாக இன்னொரு தலைவலி உண்டு: மண். ஸ்லீப்பர் கட்டைகளில் ஊறிய கிரியோசோட் எண்ணெய், களைக்கொல்லியில் வந்த ஆர்செனிக், பழைய ஆலைகளின் ஈயம். தோண்டி அப்புறப்படுத்துவது பெருஞ்செலவு; நல்ல மண்ணாலும் கான்கிரீட்டாலும் மூடுவது நடைமுறை. பாதை போட நினைக்கும் எந்த ஊரும் வரைபடத்துக்கு முன்னால் மண் பரிசோதனைக்குப் பணம் எடுத்து வைப்பது நல்லது.

செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. திட்டத்தில் ஒரு கலைஞரையும் ஆரம்பத்திலேயே சேர்த்திருந்தார்கள். பாதை நெடுக 453 சர்வீஸ்பெர்ரி மரங்கள் நடப்பட்டன. கிழக்கே மிச்சிகன் ஏரி. வசந்தத்தில் ஏரிக் குளிர் கிழக்குப் பக்கத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அதனால் பூ மேற்கில் முதலில் வந்து சில நாட்களில் கிழக்குக்குப் போய்ச் சேரும். ஒரே வகை மரத்தை 2.7 மைலுக்கு நட்டதால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் விஷயம் இது. ஆண்டுக்கு ஆண்டு தேதியைக் குறித்து வைத்தால் பருவ மாற்றத்தின் பதிவாகவும் ஆகும்.

திறந்த பிறகு: பாதையில்

கூட்டம் முதல் நாளிலிருந்தே வந்தது. குளிர்காலத்தில் பனியை அள்ளுகிறார்கள். ஆகவே ஜனவரியிலும் ஆள் நடமாட்டம் உண்டு. பாதுகாப்பைப் பற்றிய பயம்தான் முன்பு அதிகம் பேசப்பட்டது: வீட்டின் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேரே அந்நியர்கள் போவார்கள், திருடன் ஏறுவான், ஓடித் தப்பிப்பான் என்றெல்லாம். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 2011 முதல் 2015 வரையிலான குற்றப் பதிவுகளை எடுத்து, பாதையை ஒட்டிய பகுதிகளை அதே போன்ற வேறு பகுதிகளோடு ஒப்பிட்டது. பாதைப் பகுதிகளில் குற்றம் கூடுதலாகக் குறைந்திருந்தது. அதுவும் வசதி குறைந்த மேற்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதில் குடியிருப்போர் மாறியதன் பங்கு எவ்வளவு, பாதையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரிப்பது கடினம். எப்படியோ, பயந்தது நடக்கவில்லை.

திறந்த பிறகு: வீடுகளில்

டிபால் பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வு மையம் 2016 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதையை வெஸ்டர்ன் அவென்யூவில் இரண்டாகப் பிரித்து விலையைப் பார்த்தார்கள். கட்டுமானம் தொடங்கிய 2013-இலிருந்து கிழக்குப் பக்கத்தில் விலை 13.8 சதவீதம் ஏறியிருந்தது. மேற்குப் பக்கத்தில் 48.2 சதவீதம்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு பாதைதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 2008 வீட்டுச் சந்தை வீழ்ச்சியில் மேற்குப் பக்கம் அதிகம் விழுந்தது. விழுந்த ஆழத்திலிருந்து அளந்தால் ஏற்றம் பெரிதாகவே தெரியும். லோகன் ஸ்கொயர் வழியாக மெட்ரோ ரயிலின் நீலத் தடம் போகிறது. அதுவும் வாங்குபவரை இழுக்கும். முக்கியமாக, 2000-க்கும் 2014-க்கும் இடையிலேயே, அதாவது பாதை திறப்பதற்கு முன்பே, லோகன் ஸ்கொயரை விட்டுச் சுமார் 19,000 லத்தீன் வம்சாவளியினர் போய்விட்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த வெள்ளத்தில்தான் பாதை வந்தது.

ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் பிரித்துக் காட்டியது. மற்ற அம்சங்களை எல்லாம் சமப்படுத்திப் பார்த்தாலும், மேற்குப் பக்கத்தில் பாதையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு மைலுக்குள் உள்ள வீட்டுக்கு 22.3 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தது. கிழக்கில் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. அங்கே வீடு வாங்குபவர் ஏற்கெனவே எல்லா வசதிக்கும் விலை கொடுத்துக்கொண்டிருந்தார். மேற்கில் பாதை புதிதாக ஒன்றைச் சேர்த்தது.

விலை ஏற்றம் வாடகைக்காரரை மட்டும் தொடவில்லை. சிகாகோவில் சொத்து மதிப்பை மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்வார்கள். 2015 ஒரு மறுமதிப்பீட்டு ஆண்டு, அடுத்தது 2018. கடன் முடிந்து நிம்மதியாக இருந்த முதிய உரிமையாளருக்கும் பக்கத்து மனையில் எழும்பிய புது வீட்டின் விலை வரி ரசீதாக வந்து சேரும். அவர் வரியை மாடி வீட்டு வாடகையில் ஏற்றுவார், அல்லது விற்றுவிட்டுப் போவார். விற்றால் வாங்குபவர் டூ-ஃபிளாட்டை டூ-ஃபிளாட்டாக வைத்திருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2016-இலேயே குடியிருப்போர் அமைப்புகள் பாதையின் மீதே ஊர்வலம் போனார்கள். பாதையை மூடு என்பது அவர்கள் கோரிக்கை அல்ல. இடிப்புக்கும் வீட்டை ஒன்றாக்குவதற்கும் கட்டணம் விதி, அதை வாடகை வீடுகளுக்குச் செலவிடு என்பது. 2017-இல் அந்த வகையில் ஒரு சட்ட முன்வரைவு நகர்மன்றத்துக்குப் போனது; நிறைவேறவில்லை.

நகர்மன்றம் எடுத்த முடிவுகள்

2020 ஜனவரியில் நகர்மன்றம் பாதையின் மேற்குப் பகுதியை ஒட்டி இடிப்பு அனுமதிகளுக்கு ஆறு மாதத் தடை விதித்தது. உள்ளூர் உறுப்பினர்கள் கேட்டது அதைவிட நீண்ட காலம், பேசிக் குறைத்தார்கள். தடை பிறகு நீட்டிக்கப்பட்டது. அந்த அவகாசத்தில் நிரந்தர ஏற்பாடுகள் தயாராயின.

2021 தொடக்கத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, பல குடும்ப வீடுகள் அதிகமாக உள்ள தெருக்களில் அவற்றைத் தனி வீடாக மாற்றுவதைக் கட்டுப்படுத்தியது. மற்றது, இடிப்புக்குக் கூடுதல் கட்டணம்: தனி வீடோ டூ-ஃபிளாட்டோ என்றால் 15,000 டாலர், பெரிய கட்டடமானால் வீட்டுக்கு 5,000 டாலர். வசூலாகும் பணம் குறைந்த விலை வீடுகளைக் கையில் வைத்திருக்கும் சமூக நில அறக்கட்டளைக்கு.

15,000 டாலர் யாரைத் தடுக்கும் என்று யோசித்தால் விடை சங்கடமானது. இடித்துக் கட்டிய வீட்டைப் பத்து லட்சம் டாலருக்கு விற்பவருக்கு அது ஒன்றரை சதவீதம். தரகருக்குத் தருவதைவிடக் குறைவு. நகர்மன்றமும் அதை உணர்ந்தது போலும்: 2024 செப்டம்பரில் கட்டணத்தை 60,000 டாலருக்கும், பெரிய கட்டடங்களுக்கு வீட்டுக்கு 20,000 டாலருக்கும் உயர்த்தினார்கள். எல்லையை விரித்தார்கள். கட்டடம் விற்பனைக்கு வந்தால் குடியிருப்போர் முதலில் வாங்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். முப்பது ஆண்டு அங்கே குடியிருந்து, நல்ல காலம் இப்போதுதான் வந்தது என்று நினைத்த சின்ன உரிமையாளருக்கு, தன் மனையை வாங்குபவர் தரும் விலை இந்தக் கட்டணத்தால் குறையும். அவரும் அந்தப் பகுதியின் பழைய குடும்பம்தான். பக்கத்து வீட்டு வாடகைக்காரரைக் காக்கும் சட்டம் அவர் கையிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது. இதற்குச் சுத்தமான விடை என்னிடம் இல்லை. 2013-இல், மனை விலை ஏறுவதற்கு முன்னால் இதே கட்டணம் வந்திருந்தால் இழப்பு இவ்வளவு உறைத்திருக்காது என்பது மட்டும் உறுதி.

என்ன மாற்றியிருக்கலாம்

முதலாவது, தேதி. வீட்டு விலை பாதை திறக்கும் நாளில் ஏறுவதில்லை. அறிவிப்பு நாளில் ஏறத் தொடங்குகிறது. இந்த நிகழ்வில் மேயரின் வாக்குறுதி 2011, வேலை தொடங்கியது 2013, முதல் இடிப்புத் தடை 2020. கட்டணமும் தடையும் அதே வடிவில் 2011-க்கும் 2013-க்கும் இடையில் வந்திருந்தால், பாதி விலைக்கு இரண்டு மடங்கு வேலை செய்திருக்கும். அந்த நேரத்தில் சந்தை விழுந்து கிடந்தது. பாதையை ஒட்டிய டூ-ஃபிளாட்டுகளைச் சமூக நில அறக்கட்டளைக்கு வாங்கிப் போடவும் அதுதான் காலம்.

இரண்டாவது, பணத்தின் பெயர். போக்குவரத்து நிதி வீட்டைப் பற்றிக் கேட்காது என்றால், நன்கொடைப் பகுதியிலிருந்து வீட்டுக்கென ஒரு தொகையை ஆரம்பத்திலேயே பிரித்திருக்கலாம். வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றின் மேல் திட்டமிடப்பட்ட 11-ஆம் தெருப் பாலப் பூங்கா இந்த வழியில் போனது: 2015-இலேயே, கட்டுமானத்துக்கு வெகு முன்னால், வீட்டுக்கும் வேலைக்கும் சிறு வணிகத்துக்கும் தனித் திட்டம் வெளியிட்டார்கள். அதிலிருந்து ஒரு சமூக நில அறக்கட்டளையும் பிறந்தது.

ஆனால் முன்கூட்டிச் சொன்னால் மட்டும் போதாது என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. அட்லாண்டாவின் பெல்ட்லைன், 22 மைல் பழைய ரயில் வளையம். 2005-இல் சிறப்பு வரி மண்டலம் அமைத்தபோதே 5,600 குறைந்த விலை வீடுகள் என்று இலக்கு வைத்தார்கள். பல ஆண்டுகள் வீடுகள் இலக்குக்கு மிகவும் பின்தங்கியிருந்தன. பெல்ட்லைன் யோசனையைத் தன் முதுகலை ஆய்வேட்டில் 1999-இல் முன்வைத்தவரே, வீட்டு விஷயத்தில் அக்கறை போதவில்லை என்று 2016-இல் அதன் கூட்டு அமைப்பின் குழுவிலிருந்து விலகினார். இலக்கு எழுதினால் யார், எந்த ஆண்டு, எந்தப் பணத்தில் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சிகாகோவிலேயே அடுத்த பாதைகள் பேச்சில் வந்துவிட்டன. பில்சன் முதல் லிட்டில் வில்லேஜ் வரை எல் பாசியோ என்று 2016-இல் ஒன்று அறிவிக்கப்பட்டது. இந்த முறை அங்குள்ளவர்கள் 606-ஐப் பார்த்திருந்தார்கள். முதல் கேள்வியே வீட்டைப் பற்றியதாக இருந்தது. பல குடும்ப வீடுகளைத் தனி வீடாக மாற்றுவதைக் கட்டுப்படுத்திய 2021 சட்டத்தில் பில்சனும் சேர்ந்தது. தெற்கே எங்கிள்வுட்டில் இன்னொரு ரயில்மேட்டுப் பாதைக்கு 2022-இல் 2 கோடி டாலர் கூட்டரசு நிதி கிடைத்தது. அங்கே நிலைமை தலைகீழ். காலி மனைகள் நிறைய, மக்கள்தொகை குறைந்துகொண்டே வருகிறது. விலை கொஞ்சம் ஏறினால் நல்லது என்றுகூட நினைப்பவர்கள் உண்டு. 606-இன் சட்டங்களை அப்படியே அங்கே ஒட்ட வைக்க முடியாது.

கடைசியாக, நேரம். 606 காலை 6 மணிக்குத் திறந்து இரவு 11 மணிக்கு மூடுகிறது, மற்ற நகரப் பூங்காக்களைப் போல. வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்காக என்று பணம் வாங்கிக் கட்டிய பாதை இது. அதிகாலை ஷிஃப்டுக்குப் போகும் உணவகத் தொழிலாளியும், நள்ளிரவில் வேலை முடித்துத் திரும்பும் துப்புரவுப் பணியாளரும் அந்த நேரத்தில் கீழே காருக்கு நடுவேதான் ஓட்ட வேண்டும். நிதி விண்ணப்பத்தில் போக்குவரத்து என்று எழுதுபவர்கள் திறப்பு நேரத்தையும் அந்த விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாம். பூங்காத் துறையிடம் ஒப்படைத்த பிறகு மாற்றுவது கடினம்.